கணக்கு இடிக்கும்போது எங்கே பார்ப்பது: பலர் டேட்டா எடுக்கும் ஏ.பி.ஏ. மென்பொருளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஏ.பி.ஏ. (Applied Behavior Analysis) என்பது, பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நடத்தையையும் திறன்களையும் எண்ணிப் பதிவு செய்து, அந்தப் பதிவை வைத்துப் பயிற்சி தரும் முறை. ஒரு குழந்தைக்கு ஒரே தெரபிஸ்ட் என்று இருக்கும்வரை டேட்டா எடுப்பதில் பெரிய சிக்கல் வராது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், வீட்டில் அம்மா, வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் என்று நான்கு பேர் பதிவு செய்ய ஆரம்பித்ததும் கணக்கு இடிக்கத் தொடங்கும். எல்லோரும் முதலில் ஆப்பைத்தான் குறை சொல்வார்கள். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் ஆப் சொன்னபடிதான் செய்திருக்கும். நாம் சொன்ன விதம்தான் ஆளுக்கு ஆள் வேறாக இருந்திருக்கும்.

கீழே இருப்பவை அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் வழிகள். கேட்டலிஸ்ட், சென்ட்ரல்ரீச் போன்ற கட்டண மென்பொருளோ, கூகுள் ஃபார்மும் ஷீட்டும் வைத்து நீங்களே கட்டியதோ, எதுவானாலும் இந்தச் சிக்கல்கள் பொதுவானவை. மெனுவின் பெயர் மட்டும் மாறும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. கிராஃபில் வித்தியாசமான புள்ளி ஒன்று வந்தால், பயிற்சித் திட்டத்தில் கை வைப்பதற்கு முன் அந்தப் புள்ளியைப் பதிவு செய்தவர் யார் என்று பாருங்கள். அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் குழந்தையின் அடுத்த சில வாரங்களை முடிவு செய்கிறோம். பதிவு செய்தவர் மாறியதால் வந்த ஏற்றத்துக்குப் பயிற்சியை மாற்றினால், அதன் விலையைக் குழந்தைதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஆள் மாறும்போதெல்லாம் கிராஃப் ஏறி இறங்குகிறது

திங்கள், புதன், வெள்ளி உயரம்; செவ்வாய், வியாழன் பள்ளம். ரம்பப் பல் போல ஒரு கோடு. பதிவு செய்தவரை வைத்துப் புள்ளிகளுக்கு நிறம் கொடுங்கள். ஆப்பில் அந்த வசதி இல்லையென்றால் டேட்டாவை ஷீட்டில் இறக்கி, பதிவு செய்தவர் பெயர் உள்ள பத்தியை வைத்துப் பிரித்து வரையுங்கள். ஒருவரின் புள்ளிகள் எல்லாம் மேலேயும் இன்னொருவருடையது எல்லாம் கீழேயும் இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, குழந்தை உண்மையிலேயே அந்த இருவரிடமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளலாம். ஒருவர் கஷ்டமான பாடங்களை எடுக்கிறார், இன்னொருவர் விளையாட்டு நேரத்தில் இருக்கிறார் என்றால் அப்படித்தான் இருக்கும். அது பிழை அல்ல, முக்கியமான தகவல். இரண்டாவது, இருவரும் வேறு வேறு விஷயத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு: இருவரும் ஒரே செஷனை, ஒரே நேரத்தில், ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் பதிவு செய்ய வேண்டும். அல்லது பெற்றோர் அனுமதியோடு எடுத்த பத்து நிமிட வீடியோவை இருவரும் தனித்தனியாகப் பார்த்துப் பதிவு செய்யலாம். எண்கள் ஒத்துப்போனால் வித்தியாசம் குழந்தையிடம். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம் நம்மிடம்.

நம்மிடம் என்று தெரிந்ததும் பலர் ஒரு மீட்டிங் போட்டுப் பேசி முடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் புது ஆள் வந்ததும் பழைய கதைதான். திருத்தம் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒரு பட்டனின் பெயர் "தலையில் அடித்தல்" என்று இருக்கிறது. மூன்று அடி தொடர்ச்சியாக விழுந்தால் ஒருவர் மூன்று தட்டு தட்டுகிறார். இன்னொருவர் அதை ஒரே நிகழ்வாக ஒரு தட்டு. மூன்றாமவர் கை தலைக்குப் போய்த் தொடாமல் திரும்பினால்கூடத் தட்டுகிறார். மூன்று பேரும் நேர்மையாகத்தான் செய்கிறார்கள். பட்டனின் விவரக் குறிப்பில் இப்படி எழுதுங்கள்: "திறந்த கையோ மூடிய கையோ, கழுத்துக்கு மேலே எங்கேனும் படும்படி அடிப்பது. ஒவ்வொரு தொடுதலும் ஒன்று. முடியைக் கோதுவது, காதைப் பொத்துவது சேராது. ஓங்கிய கையை நாம் தடுத்துவிட்டால் அதைத் தனியாக 'தடுக்கப்பட்டது' பட்டனில் போடவும்." சேருவது எது, சேராதது எது, ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் எங்கே என்ற மூன்றும் இருந்தால்தான் அது வரையறை. "அடம் பிடித்தல்", "கோபம்" போன்ற பெயர்களில் பட்டனே வேண்டாம். ஆளுக்கு ஒரு படம் மனதில் வரும்.

நேரத்தை அளக்கும் நடத்தைக்கு முடிவு விதி இன்னும் முக்கியம். அழுகை எப்போது முடிந்தது? சத்தம் நின்ற நொடியிலா, முப்பது நொடி அமைதிக்குப் பிறகா? எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒன்றே. அந்த முப்பது நொடியைக் கால அளவில் சேர்ப்பதா கழிப்பதா என்பதையும் எழுதிவிடுங்கள்.

இடைவெளி முறையில், அதாவது செஷனைச் சம நீளத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நடத்தை வந்ததா என்று குறிக்கும் முறையில், பதிவு செய்தால், எல்லா டேப்லெட்டிலும் இடைவெளியின் நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் குழந்தை எட்டு தடவை சட்டென்று கத்துகிறது, ஒவ்வொன்றும் வெவ்வேறு அரை நிமிடத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இடைவெளிக்குள் ஒரு தடவை வந்தாலும் குறி' என்ற முறையில், பத்து நொடி இடைவெளியில் 30-க்கு 8, அதாவது 27 சதவீதம். முப்பது நொடி இடைவெளியில் 10-க்கு 8, அதாவது 80 சதவீதம். குழந்தை ஒன்று, கத்தல் ஒன்று, ஒரு செட்டிங் மட்டும் வேறு. அதனால் இந்த அமைப்பைத் தெரபிஸ்ட் லாகினில் மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். சூப்பர்வைசர் லாகினில் மட்டும் திறக்கட்டும். மாற்ற வேண்டி வந்தால் மாற்றிய நாளில் கிராஃபில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக் காரணத்தை எழுதுங்கள். வரையறையைத் திருத்தினாலும் அதே கோடு.

அப்புறம் பட்டன்களின் வரிசை. ஒரு டேப்லெட்டில் "கடித்தல்" மேலே இடப்பக்கம், இன்னொன்றில் கீழே வலப்பக்கம் என்றிருந்தால், ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுபவர் தப்பாகத் தட்டத்தான் செய்வார். வரிசையையும் நிறத்தையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள்.

அறிகுறி: ஐ.ஓ.ஏ. 90-க்கு மேல் இருக்கிறது, ஆனாலும் டேட்டா நம்பும்படி இல்லை

ஐ.ஓ.ஏ. (interobserver agreement), அதாவது இருவர் பதிவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லும் இந்தச் சதவீதம், பொதுவாக 80-க்கு மேல் இருந்தால் போதும் என்பார்கள். அந்த 80 எந்தக் கணக்கில் வந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆப்பில் இயல்பாக அமைந்திருப்பது மொத்த எண்ணிக்கைக் கணக்கு என்றால் அது உங்களை எளிதில் ஏமாற்றும்.

பத்து நிமிட செஷன். முதல் ஆள் ஒவ்வொரு நிமிடமும் எண்ணியது: 3, 0, 2, 1, 0, 4, 0, 2, 0, 0. இரண்டாவது ஆள்: 1, 2, 2, 1, 0, 1, 2, 1, 2, 0. இருவருக்கும் மொத்தம் 12. மொத்த எண்ணிக்கைக் கணக்கில் ஒப்புமை 100 சதவீதம். நிமிடம் நிமிடமாகப் பார்த்தால் பத்தில் நான்கு நிமிடங்களில் மட்டுமே இருவரின் எண்ணும் ஒன்று. அதாவது 40 சதவீதம். இவர்கள் ஒரே விஷயத்தைப் பார்க்கவே இல்லை. எண்ணிக்கைப் பதிவுக்கு, செஷனை நிமிடங்களாகப் பிரித்து ஒப்பிடும் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பில் அது இல்லையென்றால், ஒவ்வொரு தட்டின் நேரமும் சேர்ந்து வரும்படி டேட்டாவை இறக்கி ஷீட்டில் செய்யலாம்.

அரிதாக வரும் நடத்தைக்கு இடைவெளிக் கணக்கும் ஏமாற்றும். 60 இடைவெளிகளில் ஒருவர் இரண்டில் குறித்திருக்கிறார், மற்றவர் வேறு இரண்டில் குறித்திருக்கிறார். இருவரும் "வரவில்லை" என்று ஒத்துக்கொண்டவை 56. ஐ.ஓ.ஏ. 93 சதவீதம்! நடத்தை வந்ததாக யாராவது ஒருவர் குறித்த இடைவெளிகளை மட்டும் எடுத்தால் நான்கில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பூஜ்யம். நடத்தை அரிதானால் குறித்த இடைவெளிகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஓயாமல் வருமானால் குறிக்காத இடைவெளிகளை.

மூன்றாவது காரணம் மனித இயல்பு. தன்னைச் சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்த நேரத்தில் பதிவு செய்பவர் கூடுதல் கவனமாக இருப்பார். சரிபார்ப்பு இல்லை என்று நம்பும்போது துல்லியம் குறைவதை ஜான் ரீட் 1970-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆகவே மாதக் கடைசி வெள்ளி என்று நாள் குறித்து ஐ.ஓ.ஏ. எடுத்தால் அந்த வெள்ளியின் துல்லியம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். ஆய்வுகளில் குறைந்தது 20 சதவீத செஷன்களிலாவது, முடிந்தால் மூன்றில் ஒரு பங்கில் இரண்டாவது பதிவு எடுப்பது வழக்கம். சென்டரில் அவ்வளவு ஆள் இருக்காது என்பது புரிகிறது. குறைவாக எடுத்தாலும் எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியாமல், எல்லா தெரபிஸ்ட்டுக்கும், எல்லா வேளைக்கும் பரவலாக எடுங்கள். இதைத் தண்டனைக்கான சோதனையாக மாற்றிவிடாதீர்கள். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தட்டும் சத்தத்தைக் கேட்டுத் தட்ட ஆரம்பிப்பார்கள். டேப்லெட்டில் தட்டும் ஒலியை அணைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

புதியவர்களுக்குப் பழக்கம் வர வீடியோதான் நல்ல வழி. இத்தாலியின் டொரினோ பல்கலைக்கழகத்தில் உருவான போரிஸ் என்ற மென்பொருள் இலவசம். வீடியோவை ஓடவிட்டு, ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு விசையை ஒதுக்கிப் பதிவு செய்யலாம். இருவர் பதிவுகளை வைத்துக் கோகன் கப்பாவும் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புமையைச் சொல்லும் எண்) கணக்கிட்டுத் தரும். அதில் வரும் வழக்கமான பிழை, தொடக்கமும் முடிவும் உள்ள நடத்தைக்கு முடிவை அழுத்த மறப்பது. ஜோடி சேராத நிகழ்வு என்று சொல்லும். அந்த இடத்துக்குப் போய் முடிவைச் சேர்த்தால் கணக்கு ஓடும். ஒவ்வொருவருக்கும் தனி புராஜெக்ட் கோப்பு கொடுத்தால் நடத்தைப் பட்டியல் மெல்ல வேறுபட்டுவிடும். ஒரு மூலக் கோப்பை வைத்து அதன் நகலையே எல்லோருக்கும் கொடுங்கள்.

அறிகுறி: ஒரே செஷன் கிராஃபில் இரண்டு புள்ளியாக, அல்லது இரட்டிப்பாக வருகிறது

ஐ.ஓ.ஏ.வுக்காக உட்கார்ந்தவரும் அதை வழக்கமான செஷனாகவே தொடங்கியிருக்கிறார். இரண்டாவது பதிவாளர் என்று தனி வகை ஆப்பில் இருந்தால் அதில் தொடங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் "ஐ.ஓ.ஏ." என்று ஒரு அடையாளம் உருவாக்கி, கிராஃபின் வடிகட்டியில் அதை விலக்குங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை அழிக்க வேண்டாம். வகையை மட்டும் மாற்றுங்கள். ஒப்பிட அந்தப் பதிவு தேவைப்படும்.

அறிகுறி: நடத்தை திடீரென்று குறைந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம்

சந்தோஷப்படுவதற்கு முன் செஷனின் நீளத்தைப் பாருங்கள். 45 நிமிடத்தில் 18 தடவை என்றால் நிமிடத்துக்கு 0.4. செஷனை முடிக்கும் பட்டனை அழுத்தாமல் சாப்பிடப் போய்விட்டால், டைமர் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். அதே 18 இப்போது நிமிடத்துக்கு 0.15. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, எதுவுமே மாறாமல். இவ்வளவு நேரத்துக்கு மேல் போனால் எச்சரிக்கை என்று ஒரு வரம்பு வைக்கலாம். ஷீட் என்றால் செஷன் நீளம் வழக்கத்தைவிட அதிகமானால் கட்டம் சிவப்பாகும்படி விதி போடலாம்.

நீளம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பூஜ்யம். அன்றைக்கு அந்த நடத்தையைக் கவனிக்கவே இல்லை. ஆனால் பட்டன் திரையில் இருந்ததால் ஆப் 0 என்று எழுதிவிட்டது. கவனித்தும் வராதது ஒன்று, கவனிக்காதது வேறு. இரண்டும் ஒரே புள்ளியாக விழுந்தால் அந்தக் கிராஃபை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒவ்வொரு நடத்தைக்கும் "இன்று கவனிக்கவில்லை" என்ற தேர்வை வையுங்கள். தேர்ந்தெடுக்காமல் செஷனை முடிக்க முடியாதபடி செய்யுங்கள். கூகுள் ஃபார்மில் அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கினால் போதும்.

அறிகுறி: ஒருவரிடம் 90 சதவீதம், இன்னொருவரிடம் 60

இது திறன் பயிற்சியில் வருவது. பத்து ட்ரையல், அதாவது ஒரே திறனைப் பத்து தடவை செய்யச் சொல்லிப் பார்ப்பது. ஆறு குழந்தை தானாகச் செய்தது, மூன்று கை காட்டிய பிறகு செய்தது, ஒன்று தவறு. ப்ராம்ப்ட் (கை காட்டுவது போன்ற உதவி) கொடுத்து வந்ததையும் "சரி"யில் போடுபவருக்கு 90, போடாதவருக்கு 60. இரண்டு செஷன் 80-க்கு மேல் வந்தால் தேர்ச்சி என்று ஆப்பில் விதி இருந்தால், முதல் ஆளின் பதிவை நம்பி ஆப் தானாக அந்தப் பாடத்தை மூடி அடுத்ததைத் திறந்துவிடும். குழந்தை இன்னும் தனியாகச் செய்யாத ஒன்று, கற்றுமுடித்த பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, தவறு என்று இரண்டு பட்டன் மட்டும் வைக்காதீர்கள். தானாக, சைகை ப்ராம்ப்ட், கை பிடித்து, தவறு, பதில் இல்லை என்று பிரியுங்கள். சதவீதத்தில் "தானாக" மட்டும் சேரும்படி அமையுங்கள். தேர்ச்சி விதியில் "குறைந்தது இரண்டு வெவ்வேறு பயிற்சியாளர்களிடம்" என்ற நிபந்தனையைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் தானாக மூடும் வசதியை அணைத்துவிட்டுச் சூப்பர்வைசர் கையால் மூடட்டும்.

அறிகுறி: செஷன் காணோம், அல்லது பழைய பட்டியல் வருகிறது

வீட்டு செஷனில் நெட் இல்லை. டேட்டா டேப்லெட்டிலேயே காத்திருக்கிறது. இந்த நிலையில் செய்யக் கூடாதவை: லாக் அவுட், ஆப்பை நீக்கி மீண்டும் போடுவது, ஆப் டேட்டாவை அழிப்பது. மூன்றும் காத்திருக்கும் பதிவை அழித்துவிடலாம். முதலில் வைஃபையில் இணைத்து, ஆப்பைத் திரையில் திறந்தே வைத்துக் காத்திருங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் நடக்கும் சின்க்கை (பதிவுகளைச் சர்வரோடு பரிமாறுவதை) நிறுத்திவிடக்கூடும். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

பழைய பாடப் பட்டியல் வந்தால், சூப்பர்வைசர் மதியம் மாற்றியதை அந்த டேப்லெட் இன்னும் வாங்கவில்லை என்று பொருள். சென்டரை விட்டுக் கிளம்பும் முன் வைஃபையில் ஒருமுறை திறப்பது என்று வழக்கமாக்குங்கள். பட்டியலின் பெயரிலேயே திருத்திய தேதியைப் போட்டால் பார்த்ததும் தெரிந்துவிடும். செஷன்களின் வரிசை மாறி வந்தால் டேப்லெட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றும் தானியங்கியில் இருக்க வேண்டும்.

அறிகுறி: இறக்கிய கோப்பில் தேதி குழம்புகிறது, தமிழ் எழுத்து சிதைகிறது

ஷீட்டில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் இருந்தால் காரணம் உறுதி. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அதற்கு மார்ச் 4. 13-ஆம் தேதி முதல் வருபவை மாதமாக முடியாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும்; 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் மாறிவிடும். ஆபத்து அந்த மாறியவற்றில்தான். கூகுள் ஷீட்டின் அமைப்பில் இருப்பிடத்தை இந்தியா என்று மாற்றிய பிறகு கோப்பைப் புதிதாக ஏற்றுங்கள். ஏற்றிய பின் மாற்றினால் பழையது திருந்தாது. தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஆண்டு-மாதம்-நாள் என்ற வடிவமே நல்லது.

சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ்க் குறிப்புகள் புரியாத குறிகளாக வரலாம். டேட்டா தாவலில் உரைக் கோப்பிலிருந்து எடு என்ற வழியில் போய், எழுத்துக் குறியாக்கத்தில் யூ.டி.எஃப்.-8 தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள்.

அறிகுறி: யார் பதிவு செய்தது என்றே தெரியவில்லை

சென்டர் முழுக்க ஒரே லாகின் என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. ஆளுக்கு ஒரு லாகின் கட்டணம் அதிகம் என்றால், செஷன் தொடக்கத்தில் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டாயக் கேள்வியாவது வேண்டும். தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராகிவிடுவார். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்காமல் முடக்குங்கள். நீக்கினால் சில மென்பொருளில் பழைய பதிவுகளிலிருந்தும் பெயர் போய்விடும்.

குழந்தைக்கும் பெயருக்குப் பதில் குறியீடு வையுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. தெரபிஸ்ட்டின் சொந்த ஃபோனில் வீடியோ தங்குவதையும், வாட்ஸ்அப் குழுவில் கிராஃப் சுற்றுவதையும் இன்றே நிறுத்துங்கள்.

அறிகுறி: வீட்டிலிருந்து டேட்டா வருவதே இல்லை

பெற்றோரிடம் அக்கறை இல்லை என்று அர்த்தம் அல்ல. அடுப்பில் குக்கர், இடுப்பில் சின்னக் குழந்தை, கையில் ஃபோன், திரையில் பதினைந்து பட்டன். யாராலும் முடியாது. பெற்றோர் லாகினுக்கு ஒரே ஒரு நடத்தை மட்டும் தெரியும்படி அமையுங்கள். நாள் முழுக்க எண்ணச் சொல்லாமல், அலாரம் அடிக்கும்போது நிமிர்ந்து பார்த்து "இந்த நொடியில் இருக்கிறதா, இல்லையா" என்று தட்டும் முறை வீட்டுக்குப் பொருந்தும். இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் போதும். பட்டனில் இருக்கும் சொற்கள் அந்த வீட்டில் பேசும் சொற்களாக இருக்கட்டும்.

வீட்டு டேட்டாவைச் சென்டர் டேட்டாவோடு ஒரே கோட்டில் இணைக்காதீர்கள். அளக்கும் முறையே வேறு, அதனால் தனி கிராஃப். அம்மா அனுப்பிய பதிவை அடுத்த சந்திப்பில் திரையில் திறந்து, அவர் எதிரிலேயே அதை வைத்துப் பேசுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் இரண்டாவது நடத்தையைச் சேர்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.